நான்கும் நான்கும் நான்குதான்

"நாலும் நாலும் எட்டு வராதுக்கா. நாலுதான்."

சென்ற வியாழக்கிழமை மாலை, பேருந்து நிலையத்தின் பின்புறச் சந்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஷமீம் இப்படிச் சொன்னபோது, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவரின் முகத்தைத்தான் பார்த்தேன். பயம் அப்படித்தான்... செய்தி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காது. எங்கே போய் விழுகிறது என்றுதான் பார்க்கும்.

என் கணவர் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். சென்ற ஆண்டு அவருடைய இடது கண்ணில் பார்வை மங்கியது. மருத்துவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், பார்வை திரும்பவில்லை. பணிமனையில் வேறு வேலை தருவதாகச் சொன்னார்கள். "ஸ்டீயரிங் இல்லாம டிப்போல எனக்கு என்னா வேலை?" என்று கேட்டு, விருப்ப ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வந்தவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கோபமில்லை, அழுகையில்லை. கேட்டால் பதில் வரும் — ஒரே சொல்லில். அந்த மௌனத்தோடு ஏழு மாதம் குடித்தனம் நடத்தினேன். கல்லூரியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, அவர் வீட்டில் தனியாக என்ன செய்துகொண்டிருக்கிறாரோ என்ற நினைப்பு வந்துவிடும்.

பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் மகள், தன் பழைய கணினியையும் மேசையில் பொருத்தும் ஸ்டீயரிங் ஒன்றையும் அனுப்பி வைத்தாள். பேருந்து ஓட்டும் விளையாட்டு. முதல் நாள், எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் இல்லாததால் கணினிப் பெட்டியின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். நான் சிரிக்கவில்லை. அன்றுதான் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"கிளட்சு கொஞ்சம் லூசா இருக்கு."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. அந்த நேரத்தில்தான் புதிய விளையாட்டு ஒன்று வந்தது. முழுக்க மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு எட்டு ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். எங்களிடம் இருந்தது நான்கு. (வரைகலை அட்டை என்று எழுதத்தான் கை விரும்புகிறது. கடையில் அப்படிக் கேட்டால் வாழ்த்து அட்டையைக் காட்டுகிறார்கள்.) திரையில் தெரியும் மலை, மரம், சாலை அனைத்தையும் வரைவது அந்தக் கார்டு. வரைய வேண்டியவற்றை அது வைத்துக்கொள்ளும் இடம்தான் நினைவகம்.

கீழ்பென்னாத்தூரில், மூடிவிட்ட ஒரு பிரௌசிங் சென்டரில், அதே போன்ற இன்னொரு நான்கு ஜிபி கார்டைக் கண்டுபிடித்து வாங்கி வந்தார்.

"லாரில ரெண்டு டேங்க் இருந்தா டீசல் ஜாஸ்தி புடிக்குமா, புடிக்காதா?" என்று கேட்டார்.

பிடிக்கும் என்றேன். நான்கும் நான்கும் எட்டு என்பதில் எனக்கென்ன ஐயம்?

உடனே ஏழுமலையிடம் தொலைபேசியில் பேசினார். ஏழுமலை பதினொரு ஆண்டுகள் அவருடைய பேருந்தில் நடத்துநராக இருந்தவர். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாடா. மலை மேல ஒரு டிரிப் அடிச்சிட்டு வரலாம்!" ஓய்வு பெற்ற பிறகு, அவராக ஒரு பழைய நண்பரை அழைத்தது அதுவே முதல் முறை.

இப்போது புரிகிறதா, ஷமீம் பேசும்போது நான் ஏன் இவர் முகத்தைப் பார்த்தேன் என்று?

"ரெண்டு கார்டும் ஒண்ணா வேலை செய்யும் அண்ணா. ஆனா ரெண்டுலயும் ஒரே சரக்கைத்தான் ஏத்தணும். மலைன்னா மலை இதுலயும் இருக்கணும், அதுலயும் இருக்கணும். ஆளுக்குப் பாதி வெச்சுக்க முடியாது. வேகம் வேணா கொஞ்சம் கூடும்... அதுவும் கேம் ஒத்துக்கிட்டாதான். இப்ப வர்ற கேமெல்லாம் ரெண்டாவது கார்டைக் கண்டுக்கறதே இல்ல."

என் கணவர் வெகுநேரம் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிக்கெட் மிஷின் வர்றதுக்கு முன்னாடி, பௌர்ணமி கிரிவல ஸ்பெஷல் பஸ்ஸுக்கு ரெண்டு கண்டக்டர் போடுவாங்க. முன்வாசலுக்கு ஒருத்தன், பின்வாசலுக்கு ஒருத்தன். ரெண்டு பேர் பையிலயும் எல்லா ஊர் டிக்கெட்டும் இருக்கணும். ஒரு பையில அடங்கலன்னா, ரெண்டு பை இருந்தும் புண்ணியமில்ல. அதானேம்மா?"

"அதேதான் அண்ணா! இதை போர்டுல எழுதி மாட்டிக்கறேன்" என்று ஷமீம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "படத்தோட தரத்தை கம்மி பண்ணிட்டா, இருக்கற நாலுலயே ஓடும் அண்ணா. மரம், பாறை எல்லாம் மொத்தையா தெரியும், அவ்ளோதான்" என்றாள். தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "ஏழுமலையை வர வேணாம்னு சொல்லிடு." நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், இனி அவர் யாரையுமே அழைக்கமாட்டார் என்று தோன்றியது. சொல்லாமல் விட்டால், நண்பர் முன்னிலையில் தலைகுனிந்து நிற்பாரோ என்றும் தோன்றியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்.

சனிக்கிழமை மதியம் கல்லூரியிலிருந்து திரும்பினேன். வீட்டில் அவர் இல்லை. கைப்பேசி மேசைமேல் இருந்தது. ஸ்டீயரிங்கின்மேல் ஒரு துண்டு போர்த்தப்பட்டிருந்தது... அந்தத் துண்டைப் பார்த்ததும் தெருவுக்கு ஓடினேன். ஆட்டோ பிடித்தேன். "எங்க போவணும்மா?" என்று ஓட்டுநர் இரண்டு முறை கேட்ட பிறகுதான், பேருந்து நிலையம் என்று வாயில் வந்தது.

அங்கேதான் இருந்தார். ஒரு பெஞ்சில் அமர்ந்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பேருந்துகள் பின்னோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க என்னாங்க பண்றீங்க?"

"அந்த வேட்டவலம் வண்டி ரிவர்ஸ் வருது பாரு. இந்தக் கண்ணுல சும்மா நெழலாட்டம் தெரியுது."

"கார்டு போனா போவுதுங்க. வேற வாங்கிக்கலாம்."

"கார்டுக்கு யாரு அழுதா? மலை ரோட்டுல இடது பக்கம் ஒரசினா ஏழுமலை பாத்துடுவான். என் வண்டி ஒரசி அவன் பாத்ததே இல்ல. எட்டு ஜிபி போட்டு, படம் பளிச்சுனு இருந்தா சமாளிச்சிடலாம்னு இருந்தேன்."

"இதை எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீ பயந்துடுவே."

நான் பயந்துவிடுவேனாம்! இத்தனை மாதமாக நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரு வீட்டில் இருவர் அஞ்சினால், அச்சம் ஆளுக்குப் பாதியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆவதில்லை. ஒருவருக்கொருவர் காட்டாமல், இருவருமே முழுமையாகச் சுமக்கிறோம். இடம் போதவில்லையே என்று இருவரும் தனித்தனியே திணறுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வந்தார். என் கணவருக்கு இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒற்றைக் கார்டு; குறைந்த தரம். பேருந்து மலையேறியது.

"என்னாண்ணா, மரமெல்லாம் காலிஃபிளவராட்டம் இருக்கு?"

"நீ டிக்கெட்டப் போடு. மரம் பாக்கவா வந்தே?"

மூன்றாவது வளைவில், இடப்பக்கம் பாறையில் உரசியது. கரகரவென்ற அந்த ஒலி அறை முழுவதும் நிறைந்தது. அவர் கைகள் ஸ்டீயரிங்கில் அப்படியே நின்றுவிட்டன. யாராவது ஏதாவது சொல்லுங்களேன் என்றிருந்தது எனக்கு...

ஏழுமலை திரையைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஒரு அடி பின்னால எடுங்கண்ணா. லெப்ட்ட நான் பாத்துக்கறேன். வா... வா... வா... ஒடிச்சுக்கோ... ரைட்! போலாம்!"

பேருந்து நகர்ந்தது. நான்காவது வளைவிலும் ஐந்தாவதிலும் ஏழுமலையின் குரல் வந்தது. ஆறாவதில் வரவில்லை, மனிதர் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

"டேய் ஏழுமலை! லெப்ட் என்னாச்சு? தூங்கிட்டியா?" என்று என் கணவர் வீடே அதிரக் கத்தினார்.

எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! இருந்தாலும், மலையிறங்கி முடிக்கும்வரை என் கை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தேடிக்கொண்டேதான் இருந்தது.