எடை குறைந்த பேட்டரி

காலைப் பத்து மணி டீ இடைவேளையில்தான் மேகலாவுக்குச் செய்தி வந்தது. அவள் தம்பி விமல்ராஜ் விடியும்போதே இறந்திருந்தான். பேட்டரித் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் செல்போன் லாக்கருக்குள் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த அழைப்புகளெல்லாம் அதற்குள்ளேயே அடித்து ஓய்ந்தன. கடைசியில் யாரோ செக்யூரிட்டியைப் பிடித்து, அவர் சூப்பர்வைசர் ஜேம்ஸைப் பிடித்து, ஜேம்ஸ் அவளைக் கேன்டீன் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தம்பிய யானை அடிச்சிருச்சாம்மா" என்றார். வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஜேம்ஸும் கூடவே ஏறினார். அவர்களுக்குள் பேச இருந்ததெல்லாம் வரும் திங்கட்கிழமையைப் பற்றியது. அன்றுதான் விமல்ராஜ் புது வேலையில் சேர வேண்டியிருந்தது.

கிருஷ்ணகிரியில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவன் அவன். கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி, அக்கா வேலை செய்யும் அதே தொழிற்சாலைக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தான். ஸ்கூட்டர் பேட்டரிக்குள் போகும் சின்ன செல்களை வோல்டேஜ் பார்த்துப் பிரிக்கிற வேலை. ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு செல் சோர்ந்திருந்தாலும் மொத்த பேட்டரியும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். அந்த வேலையில் அவனுக்குப் பிரியம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் "கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. அவனோடு வெளியே வந்தவர்களில் பலர் மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டி கர்நாடகப் பக்கம் பார்சல் டெலிவரிக்குப் போனார்கள். இவன் ஊருக்குத் திரும்பினான்.

ஊரில் ராகி வயல்களைச் சுற்றி யானைக்காகப் போட்ட சோலார் வேலி உண்டு. பகல் வெயிலில் பேட்டரி நிறையும். இரவில் கம்பியைத் தொட்ட யானை அதிர்ந்து விலகும். பழைய பேட்டரிகள் தண்ணீர் ஊற்றுகிற வகை, ஓர் ஆள் தூக்க முடியாத கனம், சீக்கிரம் செத்துப்போகும். விமல்ராஜ் வீடு வீடாகப் பேசி, எல்லாவற்றையும் லித்தியம் பேட்டரியாக மாற்றினான். நாள்பட உழைக்கும், தண்ணீர் வேண்டாம், டிபன் கேரியர் மாதிரி கையில் தூக்கிப் போகலாம் என்று அவனே சொல்லிச் சொல்லி மாற்ற வைத்தான்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காதுகுத்து வந்தால் வேலி பேட்டரி பந்தல் விளக்குக்குப் போனது. கரண்ட் போன வீட்டில் டி.வி.க்குப் போனது. நாணயமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள், ஆனால் காலியாக. அன்றைக்கு இரவு வேலி வெறும் கம்பி.

பக்கத்து வயல்காரர் ஆஞ்சப்பனிடம், வேலி பேட்டரி வைக்கும் பெட்டியைக் காட்டி, ஒருமுறை அவன் நேராகவே கேட்டான்.

"ஏன் மாமா, பெட்டி காலியாக் கெடக்குது. பேட்டரி எங்க?"

"மச்சினன் வீட்டு விசேசத்துக்குப் போயிருக்குதுடா. விருந்து முடிஞ்சதும் வந்துரும்."

"யானை அதுவரைக்கும் வெளிய நிக்குமா?"

"நீ ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. நீதான் டிப்ளமோ படிச்சவன், உன் பேச்சக் கேக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

புது வேலை ஜேம்ஸ் சொல்லிக் கிடைத்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் சூரிய மின்சாரத்தைக் கன்டெய்னர் கன்டெய்னராக பேட்டரிகளில் சேமித்து, மாலையில் மின்கம்பிக்கு அனுப்பும் நிலையம். டெக்னீஷியன் வேலை, கம்பெனி ரோல். ஒப்பந்தம் இல்லாத வேலையை அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. மேகலாவே இத்தனை வருடமாக ஒப்பந்தம்தான். ஆனால் அவன் சேரும் தேதியை ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தான்.

"எல்லாப் பெட்டிக்கும் பூட்டு போட்டுட்டு வர்றேங்க்கா. நான்தான மாத்திவிட்டேன்" என்றான் போனில்.

"ஜேம்ஸ் சார் மூஞ்சில நான் எப்படிடா முழிக்கிறது?"

"பூட்டு போடாம விட்டா இந்த ஊர்ல டிரான்ஸ்பார்மரையே கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு சொல்லு."

"விளையாடாத. இன்னொரு தடவ தேதி மாத்துனா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"திங்கக்கிழம கண்டிப்பா வந்துர்றேன். ஆஞ்சப்பன் மாமா பெட்டி ஒண்ணுதான் பாக்கி."

அந்தப் பெட்டியின் பேட்டரி அவன் இறப்பதற்கு முந்தைய நாள் மறுபடி விசேஷத்துக்குப் போய், பொழுது சாய்ந்து காலியாகத் திரும்பியிருந்தது. இரவில் ஓர் ஒற்றை யானை கம்பியைத் தாண்டி ராகியைத் தின்றது. விடிந்தும் காட்டுக்குத் திரும்பாமல் வயலோரத் தைல மரங்களுக்குள் நின்றுகொண்டது. விமல்ராஜ் பூட்டு மாட்ட வந்து, பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மரங்களுக்கு முதுகைக் காட்டி வேலை செய்துகொண்டிருந்தான்.

மேகலா வீட்டுக்குள் நுழைந்தபோது ஆஞ்சப்பன் எழுந்து வந்தார். "ஏனு மாடோது", என்ன செய்வது என்று கன்னடத்தில் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "நேத்து சாயங்காலமே கொண்டாந்து வச்சுட்டேம்மா. வைக்காம இல்ல."

அவரைத் திட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

அம்மா பூவம்மாள் அழுது ஓய்ந்திருந்தாள். ஜேம்ஸைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சார், திங்கக்கிழமைக்கு எம்புள்ளைக்கு வச்ச எடம் இன்னும் இருக்குதுங்களா?"

ஜேம்ஸ் மேகலாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"இருக்குதும்மா" என்றார் அவர்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேகலா அந்தப் பெட்டி வரை நடந்து போனாள். வெயில் நன்றாக அடித்திருந்ததால் பேட்டரி நிறைந்திருந்தது. பூட்டு மாட்டும் தகட்டில் ஒரு திருகு இறுகியிருந்தது. இன்னொன்று பாதிவரைதான் இறங்கியிருந்தது.