ஹினா சிரிக்கவில்லை

உலுவேஹிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. மாவி தீவில், கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் உழைத்தவர். நானும் அங்கேதான் விரிப்புகள் மடித்தேன். ஈரத்துணி வண்டி சரிந்து அவர் முழங்காலை நசுக்கியபோது பக்கத்தில் நின்றவள் நான். சக்கரம் ஆடுகிறது என்று மூன்று முறை சொல்லியிருந்தோம். யார் கேட்டார்கள்?

அவர் நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பிய அன்று, மேனேஜர் கார்சன் ஒரு அட்டையோடு வந்தான்.

"ஆன்ட்டி, இனி உங்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேலை. வரவேற்பறையில மாலை போட்டுக்கிட்டு, உங்க தீவுக் கதையில வர்ற ஹினா தேவி மாதிரி மரப்பட்டையைத் தட்டித் துணி செய்யணும். சிரிச்ச முகமா இருந்தா போதும்."

அட்டை, விருந்தாளிகளின் தலையணைமேல் வைப்பதற்காம். 'கணவனுக்காக மகிழ்ந்து உழைத்த ஹினாவின் கைகளே உங்கள் விரிப்புகளையும் வெளுக்கின்றன.'

"எங்க ஹினாவை உங்க வீட்டு வேலைக்காரி ஆக்கிட்டீங்களா?" என்றார் உலுவேஹி.

"இஷ்டமில்லைன்னா வீட்டுக்குப் போகலாம்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், ஒரு விருந்தாளி அம்மாள் அட்டையைக் காட்டி, "ஹினா அவ்வளவு சந்தோஷமாவா வேலை செஞ்சாங்க?" என்று கேட்டாள்.

உலுவேஹி பட்டை தட்டும் கட்டையைக் கீழே வைத்தார்.

"யாரும்மா சொன்னது? தட்டித் தட்டிக் கை ஓய்ஞ்சு, போதும்டா சாமின்னு கிளம்பினவ அவ. வானவில்லுல ஏறி சூரியன்கிட்ட போனா, சூடு தாங்கல. அப்புறம் நிலாவுக்குப் புறப்பட்டா. புருஷன் காலைப் பிடிச்சு இழுத்து முறிச்சுட்டான். நொண்டிக்கிட்டே போய்ச் சேர்ந்தா. இதுல சிரிப்பு எங்க வந்துச்சு?"

கார்சன் ஓடிவந்தான். "போதும், உள்ள போங்க!"

"போறேன். அந்த வண்டிச் சக்கரத்தை மாத்தியாச்சா, அதைச் சொல்லுங்க முதல்ல."

அவ்வளவு பேர் முன்னால் உலுவேஹி மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் காலை இழுத்து இழுத்து நடந்தார். சாயங்காலமே வேலை போயிற்று. விருந்தாளியை அவமதித்தாராம்!

மறுநாள் சலவைக்கூடத்தில் எங்கள் ஏழு பேரில் ஒருவரும் மெஷினைப் போடவில்லை. அழுக்குத் துண்டுகள் மலையாகக் குவிந்தன. இரண்டாம் நாள் கார்சன் கெஞ்சினான். மூன்றாம் நாள் உலுவேஹியைத் திரும்பக் கூப்பிட்டார்கள், புது வண்டிகள் வந்தன, அட்டைகள் குப்பைக்குப் போயின. மன்னிப்பு என்ற ஒரு சொல் மட்டும் எவன் வாயிலிருந்தும் வரவில்லை.

"பயமே இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"இல்லாமலா இருக்கும்டி? ஆனா ஹினா பேரைச் சொல்லியே என்னை அடக்கப் பார்த்தாங்க பாரு, அதைத்தான் பொறுக்க முடியல."