சுவரேறிக் குதித்த ஜனாதிபதி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதை எங்கேயும் சத்தமாகவே சொல்வேன். சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர் மகளுக்கு மெதுவாகப் பேச வராது.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் என்னைத் தறிக்கூடத்தில் நூல் சுற்ற அனுப்பிவிட வேண்டும் என்பது பெரியப்பாவின் முடிவு. அப்பா ஒரு தவணை கேட்டு வாங்கினார். மாவட்டப் பேச்சுப்போட்டியில் ஜெயித்தால் படிப்பு, தோற்றால் நூல்.

யாரைப் பற்றிப் பேசுவது என்று சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தவர் ஐரோப்பாவில் ஒரு நாட்டின் ஜனாதிபதி. அவர் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எங்கள் வீட்டில் ‘கரண்டுக்காரர்’ ஆனார். கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். தொழிலாளிகளுக்காகப் பேசி வேலையை இழந்தார். வேலைநிறுத்தம் வெடித்த அன்று சுவரேறிக் குதித்து உள்ளே போய்த் தலைமை தாங்கினார். அரசாங்கம் அவரைக் காவலில் வைத்தது. பின்னால் நாடே ஓட்டுப் போட்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்தது.

“அப்போ நம்ம வயர்மேன் அண்ணாச்சியும் டெல்லிக்குப் போயிருவாராட்டி?” என்று பெரியப்பா சிரித்தார்.

ஓடும் தறிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பா. அப்படி நின்றுதான் மனப்பாடம் செய்தேன். அந்த இரைச்சலில் யார் பேச்சும் காதில் விழாது. தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். எனக்கும் சின்னதிலேயே அது பழகியிருந்தது.

போட்டியன்று மேடையில் ‘வேலையை இழந்தார்’ வரைக்கும் வந்தேன். அதற்குமேல் ஒன்றுமில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில், பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

“சுவரேறிக் குதிச்சாரு.”

எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத மனிதர், என் பேச்சை வரி வரியாக மனசில் வைத்திருந்தார்! பிடித்துக்கொண்டேன். அப்புறம் நான் எங்கும் நிற்கவில்லை. முதல் பரிசு எனக்குத்தான். கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவர் பெரியப்பா. “எங்க வீட்டுப் பிள்ளையாக்கும் வே!” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நூல் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

பஸ்ஸில் அப்பாவின் முகத்தைத் திருப்பி, “கைதட்டு கேட்டுச்சாப்பா?” என்றேன்.

“பாத்தேன் மக்கா. அத்தன கையையும் பாத்தேன்.”

தறி அவர் காதுகளை வெகுநாள் முன்பே வாங்கிவிட்டிருந்தது என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்று அந்தப் பதிலில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. கோப்பையில் என் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.