நாங்களே அனுப்பிவைத்த லோயர்

பதுளை நீதிமன்றத்துக் கேன்டீனில் தேநீரும் கையுமாக இருந்தபோதுதான் செய்தி வந்தது. அழகர்சாமி போய்விட்டார். எங்களோடு இதே நீதிமன்றத்தில் சட்டத்தரணியாக இருந்து, பிறகு நாடாளுமன்றம் போனவர். பத்திரிகைகள் அவரை எம்.பி. என்று எழுதும். பக்கத்து மேசைக்காரனான எனக்கோ, பதவி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று வேடிக்கை பார்க்கும் ஆசை அவர் எம்.பி. ஆன அன்றே இருந்தது.

தொண்ணூறுகளில் அவர் தேர்தலில் வென்ற மறுநாள், வீட்டு வாசலில் பட்டாசும் மாலையுமாக ஒரே கூட்டம். இராசம்மா மட்டும் மாலை கொண்டு வரவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளியான கணவர் இறந்ததும், அவர்கள் குடியிருந்த லயக் காம்பராவை, அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையை, காலி செய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகம் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தது. அழகர்சாமிதான் அவருக்காக வாதாடி வந்தார்.

"நீங்க கொழும்புக்குப் போயிட்டா என் கேஸ யாருங்க பேசுறது? ஓட்டுப் போட்டு நாங்களே எங்க லோயர அனுப்பிட்டமே!"

எல்லோரும் சிரித்தார்கள். அழகர்சாமி சிரிக்கவில்லை. என்னைக் காட்டி, "இவரு பேசுவாரும்மா" என்றார். இராசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது.

"சரி, நானே வர்றேன்" என்றார் அழகர்சாமி.

வழக்கு விசாரணைத் தவணையும் நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னி உரையும் ஒரே நாளில் விழுந்தன. வருவாரா என்று பார்க்கவே நீதிமன்றத்தில் முன்னதாகப் போய் உட்கார்ந்தேன். கசங்கிய கறுப்புக் கோட்டோடு ரயிலிலிருந்து நேரே வந்தார்.

"அங்க உங்க பேச்சு?"

"அங்க பேச நெறைய பேர் இருக்காங்கய்யா."

சாட்சி சொல்ல வந்த தோட்டத்துத் துரையிடம், அதாவது மேலாளரிடம், சிங்களத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த அம்மா போன பிறகு அந்தக் காம்பராவில் யார் குடியிருப்பார்கள்?" யாருமில்லை, உர மூட்டை அடுக்கப் போகிறோம் என்றார் துரை. அழகர்சாமி உட்கார்ந்துவிட்டார். நானாக இருந்தால் இன்னும் பத்துக் கேள்வி கேட்டுக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். நீதிபதி இரு தரப்பையும் அழைத்துப் பேசினார். இராசம்மா உயிரோடு இருக்கும்வரை அங்கேயே இருக்கலாம் என்று முடிந்தது.

கன்னி உரையை விட்டுவிட்டு வந்ததால் கட்சிக்கு அவர்மேல் கோபம். வெகுகாலம் சபையில் பேச நேரமே கொடுக்கவில்லை. "கெடைக்கிறப்ப பேசிக்கலாம்" என்பார். அந்த மனசு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சாவு வீட்டில் இராசம்மாவைக் கண்டேன். அழுது ஓய்ந்து என்னிடம் வந்தார்.

"எனக்குப் பொறகு என் மகள வெளிய போகச் சொன்னா, யாருங்க வந்து பேசுவாங்க?"

"நான் வர்றேம்மா" என்றேன்.

அழகர்சாமியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு வார்த்தைதான். அவர் சொன்னபடி வந்தவர். நானும் சொல்லிவிட்டேன். இனி வர வேண்டும்.