சாப்பிடாதவள் சொன்ன 'எஸ்'

புரூக்ளின் எட்டாம் அவென்யூவில் பன் அவிக்கும் கடையில் பதினேழு வருஷமாக மாவு பிசைகிறவள், சீனாவிலிருந்து வந்த சியூயுன். மலத்தில் ரத்தம் போவதை ஐந்து மாதம் வெளியே சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று சாமந்திப்பூத் தேநீர் குடித்து ஒப்பேற்றினாள். கடைசியில் ஒரு டாக்டர், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கத் தேதி கொடுத்தார். அதற்கும் மூன்று மாதம் காத்திருந்தாள். முந்தின நாள் முழுக்கப் பட்டினி. பேதி மருந்து குடித்து, கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தே கால் துவண்டுபோனது.

நண்பகலில் அழைத்துப்போக வந்த மருமகள் பாவ்ஜூ, மாமியார் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் சுருண்டிருப்பதைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா, அம்மா?"

"செய்யலை. போகச் சொல்லிட்டாங்க." காகிதத்தை நீட்டினாள்.

பாவ்ஜூ படித்தாள். "சாப்பிட்டுட்டு வந்ததால ரத்துன்னு போட்டிருக்கு. அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சு. என்னத்தைச் சாப்பிட்டீங்க?"

"ஒரு பருக்கைகூட இல்ல."

"நர்ஸ் என்ன கேட்டா?"

"'எதுவும் சாப்பிடலையே'ன்னா. இங்கிலீஷ்தான், ஆனா புரிஞ்சுது. 'எஸ்'னேன். நம்பாம மறுபடி கேட்டா. அழுத்தமா 'எஸ், எஸ்'னேன்."

பாவ்ஜூ தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவங்களுக்கு 'எஸ்'னா சாப்பிட்டேன்னு அர்த்தம். சாப்பிடலைன்னா 'நோ'ங்கணும்."

"அவ சொன்னது சரிதானே? அதுக்கு எப்படி 'நோ'ங்கறது?"

"மொழிபெயர்க்க, போன்ல நம்ம பாஷைக்காரங்களைக் கூப்பிடலையா?"

"எந்த பாஷைன்னு கேட்கிற அட்டையைக் காட்டினா. வேண்டாம்னுட்டேன். ஒரு வார்த்தைக்காக யாரையோ எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

"பதினேழு வருஷத்துல ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசினீங்க. அதுவும் இப்படி." சிரிக்க வாயெடுத்தவள், வெளிறிய அந்த முகத்தைப் பார்த்து அடங்கினாள். "இன்னும் எதுவும் சாப்பிடலையே?"

என்ன பதில் சொன்னால் தப்பில்லை என்று சியூயுனுக்குக் குழம்பியது. "வயிறு காலி," என்றாள்.

"அப்ப எழுந்திரிங்க. உள்ள போவோம்."

நர்ஸ் இந்த முறை போனை நடுவில் வைத்தாள். அதிலிருந்து ஒரு பெண் குரல் சியூயுனின் ஊரான ஃபூஜோவின் பேச்சிலேயே கேட்டது: "கடைசியா எப்ப, என்ன சாப்பிட்டீங்க, அக்கா?"

"முந்தாநாள் ராத்திரி. அரிசிக்கஞ்சி."

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து அவள் சொன்னதைப் போன் குரல் மொழிபெயர்த்தது: மூன்றரை மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம், அந்த இடம் இவளுக்கு.

"வேற ஏதாவது கேட்கணுமா, அக்கா?"

"மயக்க மருந்து குடுத்தா எவ்வளவு நேரம் தூங்கலாம்னு கேளுங்க."

"அரை மணி நேரமாம்."

"அவ்வளவுதானா," என்று சியூயுன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.