கண் திறக்காத அப்பா

சிதம்பரத்திலிருந்து ரயிலேறி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த அந்தச் சிற்பிக்கு எங்களைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. கோயில் கோபுரங்களுக்குச் சுதைப் பொம்மை செய்து வண்ணம் பூசுகிறவர். ஒரு வாரம் தினமும் ரயிலில் வந்துபோய்ப் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுக்கட்டும் என்று மேலிடத்தில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அறுபதுகளின் நடுவில், கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெண்கள். அவர் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். எல்லாரையும் கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையெல்லாம் மண்ணு பெசைய லாயக்கா?" என்று டீச்சரிடம் கேட்டார். மீன் செதில் எடுத்தே காய்ப்பு ஏறிய கை என்னுடையது. இரு, காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

கெடிலம் ஆற்றங்கரையிலிருந்து களிமண் வந்தது. பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். கல்லும் வேரும் பொறுக்கி, மிதித்துப் பிசைந்து பதமாக்கவே முதல் நாள் போய்விட்டது. மறுநாள், "ஒங்க வூட்டுல யாரு மொகம் நல்லாத் தெரியுமோ அவுங்களைச் செய்யிங்க" என்றார். ஒரே ஒரு கட்டளைதான். கண்ணைத் தொடக் கூடாது. அந்த இடத்தில் மண்ணை மொழுக்கென்று விட்டுவிட வேண்டும். கடைசி நாளில், அவர் சொல்லும் நேரத்தில்தான் திறக்க வேண்டும். கோயில் பொம்மைக்கும் அப்படித்தானாம்.

"கண்ணு தொறக்கற வரைக்கும் அது வெறும் மண்ணு. தொறந்தப்புறந்தான் ஆளு" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு. எனக்கு மட்டும் கை தானாக ஓடியது. அப்பாவின் துருத்திய கன்னத்து எலும்பு, கொஞ்சம் கோணின மூக்கு, மேலுதட்டுத் தழும்பு எல்லாம் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து எழுந்து வந்தன. சிற்பி என் பின்னால் வந்து நின்றார்.

"யாரு இது?"

"எங்கப்பா, சார்."

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் மணியடிக்கும் வரைக்கும்கூட நிற்கவில்லை. எங்கள் தெருக்காரி ஒருத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தவள் பேயறைந்தவள்போல் ஆகிவிட்டாள்.

"ஏண்டி, ஒங்கப்பா கடலுக்குப் போயிருக்காரு. கண்ணு மூடுனாப்புல செஞ்சி வச்சிருக்கியே, அறிவு இருக்கா ஒனக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் மனுஷரை மண்ணில் செய்வார்கள். கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கரை ஒதுங்காமல் போனால், காத்திருந்து பார்ப்பார்கள். இனி இல்லை என்று ஆனதும் கரையில் ஈர மணலைக் குவித்து ஆள்போலப் படுக்கவைப்பார்கள். களிமண்ணில் முகம் வைத்து, அவருடைய வேட்டியைப் போர்த்தி, அதன்மேல் விழுந்து அழுவார்கள். பிறகு அலை வந்து அதைக் கரைத்துக்கொண்டு போகும். கரைந்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

அதனால் அந்த முகத்தை வைத்திருக்கவும் பயம், கரைக்கவும் பயம். ஈரச் சாக்கால் மூடி ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பாவும் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், விடியலில் ஒரே கட்டுமரத்தில் போயிருந்தார்கள். அன்று சாயங்காலம் துறைமுகக் கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். வாடைக் காற்று திசை மாறி மாறி அடித்தது. மற்ற மரங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கரை ஏறிவிட்டன. எங்கள் மரம் வரவில்லை. அம்மா மழையில் நனைந்துகொண்டே கரையில் நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

புயல் தெற்கே போய்விட்டது. மரம் மட்டும் வந்தபாடில்லை. காலையில் அந்தத் தெருக்காரியே வந்து அம்மாவிடம் போட்டு உடைத்தாள். நான் கழுவுற மீனில் நழுவுற மீன் என்று பேர் வாங்கியவள். அன்றைக்கு நழுவ வழியில்லை. அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே வகுப்புக்குள் போனாள். சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாரு சொல்லி இவரு கண்ண மூடுனீங்க?"

சிற்பி எழுந்தார். "மூடலம்மா. இன்னம் தொறக்கல. தொறக்காத வரைக்கும் அது வெறும் மண்ணுதான்."

"நீங்க சாமி செய்றவுரு, ஒங்களுக்கு அது மண்ணு. எங்களுக்குக் கண்ணு மூடியிருந்தா பொணம். இப்பவே தொறங்க."

"ஈரத்துல கீறுனா மொகம் கோணிப்போவும். அதுக்கு நேரங்காலம் இருக்கும்மா."

"எம் புருசன் கடல்ல கெடக்காரு. ஒங்க நேரங்காலத்துக்கு நான் எங்கய்யா போவேன்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "சரி, ஒங்க பாடு" என்று மூங்கில் குச்சியை என்னிடம் நீட்டிவிட்டு, மூக்குப் பொடி மட்டையை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்று பார்த்தார்.

என் கை அசையவில்லை. மூக்கு தெரியும், தழும்பு தெரியும், அப்பாவின் கண் எனக்குத் தெரியவில்லை. நான் எழுவதற்குள் அவர் கடலுக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார். மூடிய கண்ணைத்தான் நான் தினமும் பார்த்திருக்கிறேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

அம்மா குச்சியைப் பிடுங்கினாள். வலது கண்ணை அகலமாகக் கீறினாள். இடது கண் சிறு வயதில் தூண்டில் முள் கிழித்தது, இமை பாதி இறங்கியிருக்கும். அதை அப்படியே கீறினாள். பிறகு குனிந்து அந்த மண்ணிடம், "தொறந்தாச்சி. பாத்துப் பாத்து வந்து சேரு" என்றாள்.

மறுநாள் காலை சிற்பி பள்ளிக்கூடம் போகவில்லை. ரயிலடியிலிருந்து குடையோடு நேரே எங்கள் தெருவுக்கு விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"பிச்சாவரத்துப் பக்கம் ஒருத்தர் கரை ஒதுங்கியிருக்காரு. அங்க உள்ளவுங்க தூக்கியாந்து சிதம்பரம் ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. காச்சல்ல பேச்சு வல்ல, யாரு என்னான்னு தெரியல. ஊரே போயிப் பாக்குதேன்னு நானும் போனேன். அந்தப் பாதி எறங்குன எடது கண்ணு. ஒங்க வூட்டுக்காரருதாம்மா."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"கூட எந்தம்பி இருப்பானே?"

அவர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"ஒருத்தருதாம்மா ஒதுங்கியிருக்காரு" என்றார்.

அப்பா தேறி வீட்டுக்கு வந்தார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. மச்சான் கை எப்போது நழுவியது என்று அவருக்கே தெரியவில்லை. மாமாவுக்காகக் காத்திருந்தோம். கரையில் எது ஒதுங்கினாலும் ஓடிப்போய்ப் பார்த்தோம். வகுப்பு முடிந்து சிற்பி வருவதும் நின்று வெகுநாளான பிறகு, இனி காத்திருந்து பயனில்லை என்று தெருவில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அம்மா கெடிலத்து மண்ணை ஒரு கூடையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஒனக்குத்தான் கை வந்திருக்கே, நீயே செய்யி" என்றாள். நான் மறுக்கவில்லை. மண்ணைப் பிசையும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கி ரெண்டு மொகம் செய்யச் சொல்லியிருக்கணும். எனக்குப் புருசன் நெனப்பு மட்டுந்தான் இருந்திச்சி" என்று மெதுவாகச் சொன்னாள். சாகிற வரைக்கும் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமாவின் கண் எனக்கு மனப்பாடம். கண்ணை உருட்டிப் பயங்காட்டித்தான் என்னைச் சிரிக்க வைப்பார். முகம் முடிந்ததும் என் கை தானாகக் குச்சியைத் தேடி எடுத்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்டி. அவனுக்கு மூடியே வையி."

குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து, கண் இருக்க வேண்டிய இடத்தை நானே தடவி மூடினேன்.