ஒரே சத்தத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள்

அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் கொயரில் முப்பது வருடம் பாடியவர். வீட்டு ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கியதால், புதிது வாங்கலாமென்று கோச்சடையிலிருந்து அவரை டவுனுக்குக் கூட்டிப்போனேன். கேட்டுப் பார்ப்பதற்காகத் தன் கொயர் பாடிய பாட்டு ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார்.

கடைக்காரர் முதலில் சின்ன செட்டில் அதைப் போட்டார். பிறகு பெரியதுக்கு மாற்றினார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதாம்மா. வார்த்தை வார்த்தையா விழுகுது பாரு."

பெரியது கூடுதல் சத்தத்தில் ஓடுவது எனக்குப் புரிந்தது. சத்தத்தைக் கூட்டிவைத்தால் எந்த ஸ்பீக்கரும் ஒருபடி மேலாகத்தான் தெரியும்.

"அண்ணே, ரெண்டையும் ஒரே சத்தத்துல வைங்க."

"அம்புட்டு குறைச்சா பெருசோட கெத்து தெரியாதுக்கா."

நான் விடவில்லை. சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கி, அப்பாவின் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே எண் வரும்வரை குறைக்கச் சொன்னேன். எது ஓடுகிறதென்று தெரியாமலிருக்க அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னேன். நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் ஒன்று. பிறகு மற்றொன்று. திரும்பவும் முதலாவது.

"எதுப்பா நல்லாருக்கு?"

"என்ன பாட்டும்மா இது? நான் கொண்டாந்ததப் போடலையா?"

அவருடைய பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"முணுமுணுன்னு கேக்குது. ரெண்டுலயும் அப்படித்தான்," என்றார் அப்பா.

டிவி சத்தத்துக்காக அவரோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். கூப்பிட்டால் திரும்பாததை வீம்பு என்றே நினைத்திருந்தேன்.

"கூட்டுங்கண்ணே," என்றேன். சத்தம் ஏற ஏற, அப்பாவின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. பெரியதையே வாங்கினோம்.

நரம்பு தேய்ந்துவிட்டது, பழையபடி திரும்பாது என்றார் காது டாக்டர். காதில் மாட்டிக்கொள்ளக் கருவி கொடுத்தார். தட்டு விழுந்தாலும் இடி இடிக்கிறது என்று இரண்டே நாளில் அப்பா அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். கெஞ்சியும் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன்.

நேற்று மதியமும் பாட்டு வீடு அதிர ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய், "மெஷினப் போட்டுட்டுக் கேளுங்கப்பா," என்றேன்.

"நான் சாப்பிட்டேம்மா," என்று சிரித்தார். "நீ போய்ச் சாப்பிடு."